மரத்தை எப்படி எண்ணுவது?

சப்போட்டா மரத்தை அண்ணாந்து பார்க்க வேண்டியிருக்கும் என்று அதுவரை நான் நினைத்ததில்லை. எங்கள் வீட்டுக் கொல்லையில் இருந்தது ஒட்டு மரம். தரையில் நின்றபடியே காய் பறிக்கலாம். பறித்ததை அரிசிப் பானையில் புதைத்தால் மூன்றாம் நாள் பழுத்திருக்கும். குவாத்தமாலாவின் வடகோடியில், பெத்தேன் காட்டுக்குள் 2019இல் நான் பார்த்த சப்போட்டா பத்து மாடி உயரத்துக்கு நின்றது. அடிமரம் நெடுகக் கோணல்மாணலாக வெட்டுத் தழும்புகள். சூயிங்கம்முக்காகப் பால் வடித்த தழும்புகள் அவை. அந்தப் பாலுக்கு சிக்ளே என்று பெயர். செயற்கைப் பிசின் வந்து சேரும்வரை அமெரிக்கக்காரர்கள் மென்று துப்பியது பெரும்பாலும் இதைத்தான். எங்களைக் கூட்டிக்கொண்டு போன பெரியவர் வெட்டுக்கத்தியின் பிடியால் மரத்தைத் தட்டி, ஸ்பானிய மொழியில் "சிக்கோசப்போத்தே" என்றார். நம்முடைய சப்போட்டாவின் பூர்வீகம் அந்தச் சொல்லின் பின்பாதியில் இருந்தது. இட்ஸா அந்த ஏரிக்கரையின் மாயா மொழி. "இட்ஸாவில் என்ன சொல்வீர்கள்?" என்று கேட்டேன். "யா" என்று சொல்லி, தொண்டையில் மூச்சைச் சட்டென்று நிறுத்தினார். விக்கல் பாதியில் நின்றது போல இருந்தது.

"அப்படியானால் உங்களுக்கு இட்ஸா பேசத் தெரியும்!" என்றேன், ஏதோ புதையல் கிடைத்தவன் மாதிரி. அவர் கையை ஆட்டிவிட்டார். "இல்லை, இல்லை. எனக்கு இட்ஸா தெரியாது. அம்மா பேசுவாள். நான் கேட்டிருக்கிறேன், அவ்வளவுதான்." அப்புறம் இரண்டு மணி நேரம் நடந்தோம். நோட்டில் குறித்துக்கொண்டே வந்தேன். ஊருக்குத் திரும்பும்போது அவர் எனக்குச் சொன்ன இட்ஸாப் பெயர்கள் முப்பதைத் தாண்டியிருந்தன. மரம், கொடி, பனை, மான், அணில், ஒரு வகை எறும்பு. எதற்கும் அவர் யோசிக்கவில்லை. ஆனாலும் அவருக்கு இட்ஸா தெரியாதாம். அந்த "தெரியாது" எனக்குள் இன்னும் செரிக்கவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

நானும் மனைவியும் ஸ்பானியம் கற்றுக்கொள்கிற சாக்கில், பெத்தேன் இட்ஸா ஏரியின் வடகரையில் சான் ஹோசே என்ற சிற்றூரில் ஒரு வாரம் தங்கியிருந்தோம். பழைய மாயா நகரமான டிகாலின் கோபுரங்களைப் பார்க்கப் போகிறவர்கள் பெரும்பாலும் ஏரிக்குள் இருக்கும் ஃப்ளோரஸ் தீவில் தங்குவார்கள். எங்களுக்கு ஓட்டல் வேண்டாம், ஒரு வீடு வேண்டும் என்று தோன்றியது. பெரியவருக்கு அறுபது வயதுக்கு மேல் இருக்கும். அவருடைய அம்மாவுக்குத் தொண்ணூறு நெருங்கிக்கொண்டிருந்தது. அந்த அம்மாவின் வீட்டில்தான் எங்களுக்குச் சாப்பாடு. ஊரில் எல்லோரும் அவரை டோன்யா என்று மரியாதையாகக் கூப்பிடுவார்கள், நாங்களும் அப்படியே.

நான் கைத்தட்டல் வாங்கிய வாக்கியம்

இங்கே ஒன்றை ஒப்புக்கொண்டாக வேண்டும். அந்தப் பயணத்துக்கு முந்தைய வருடம் ஹூஸ்டனில் ஒரு தமிழ் நிகழ்ச்சியில் மொழி பற்றிப் பேசினேன். "ஒரு மொழி சாகும்போது ஒரு நூலகம் எரிகிறது" என்று முடித்தேன். நல்ல கைத்தட்டல். அந்த வாக்கியம் என்னுடையது இல்லை, யாருடையது என்றும் தெரியாது. இந்த மாதிரி மேடைகளில் அது தானாகவே முளைக்கும். சான் ஹோசேக்குப் போனபோதும் அந்த வாக்கியம் பையில்தான் இருந்தது. எரிகிற நூலகத்தைக் கண்ணால் பார்த்துவிட்டு வரப்போகிறேன் என்கிற நினைப்பு கொஞ்சம் இருந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். வெட்கமாகத்தான் இருக்கிறது.

இட்ஸா, மாயா மொழிகளில் யுகாத்தான் கிளையைச் சேர்ந்தது. அந்தக் கிளையில் நான்கே மொழிகள். யுகாத்தேக் மொழியை மெக்சிகோவில் ஏழெட்டு லட்சம் பேர் பேசுகிறார்கள். மற்ற மூன்றும், லக்கன்தோன், மோபான், இட்ஸா, சிறியவை. இட்ஸா இவற்றில் ஆகச் சிறியது. எவ்வளவு சிறியது என்று கேட்டால்தான் குழப்பம். ஓர் உலக மொழிப் பட்டியல் 1986ஆம் ஆண்டுக் கணக்கு என்று சொல்லி வெறும் 12 பேர் என நெடுங்காலம் போட்டுக்கொண்டிருந்தது. குவாத்தமாலா அரசின் மக்கள்தொகைக் கணக்கெடுப்பிலோ நூற்றுக்கணக்கானோர். யாரோ ஒருவர் தப்பாக எண்ணிவிட்டார் என்று முதலில் நினைத்தேன். பெரியவரோடு நடந்த பிறகு அது எண்ணுகிறவரின் தப்பு இல்லை என்று புரிந்தது. முப்பது பெயர் சொல்லிவிட்டுத் தெரியாது என்று கையை ஆட்டுகிறவரை எந்தக் கட்டத்தில் எழுதுவது? பேச வராது, ஆனால் அம்மா திட்டினால் புரியும் என்கிறவரை?

அவர் ஏன் தெரியாது என்கிறார் என்பதற்கு ஒரு வரலாறு இருக்கிறது. ஏரிக்கு அந்தப் பக்கம் தெரிகிற ஃப்ளோரஸ்தான் இட்ஸா மக்களின் தலைநகரமாக இருந்த நோஹ் பெத்தேன், 'பெரிய தீவு'. மெக்சிகோவைப் பிடித்த ஸ்பானியத் தளபதி கோர்த்தேஸ் 1525இல் அந்த வழியாகப் போனார். ஆனால் ஸ்பானியர்களால் அதைப் பிடிக்க முடிந்தது 1697 மார்ச் 13ஆம் தேதிதான், மார்ட்டின் தே உர்சுவா ஏரியில் போர்ப்படகு இறக்கிய பிறகு. மாயா அரசுகளில் கடைசியாக விழுந்தது அதுதான். இந்தப் பெருமையைப் பயண வழிகாட்டிகள் எல்லோரும் சொல்வார்கள். அரசு விழுந்த பிறகும் மொழி இருநூறு வருடத்துக்கு மேல் பிழைத்துக் கிடந்ததை அவ்வளவாகச் சொல்வதில்லை. அதன் முதுகை ஒடித்தது 1930கள். குவாத்தமாலாவின் சர்வாதிகாரி ஹோர்ஹே உபிகோவின் ஆட்சிக்காலம், 1931 முதல் 1944 வரை. ஊருக்குள் இட்ஸா பேசக்கூடாது என்று தடை. பெரியவர்கள் பேசினால் அபராதம், பிள்ளைகள் பேசினால் பள்ளிக்கூடத்தில் தண்டனை. டோன்யா பள்ளிக்கூடம் போனது அந்த வருடங்களில். அவர் தன் பிள்ளைகளிடம் ஸ்பானியத்தில்தான் பேசினார். புருஷனோடு சண்டை போட மட்டும் இட்ஸா. "பிள்ளைகளுக்குப் புரியாது இல்லையா" என்றார். மகனோ பக்கத்தில் உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருந்தார். அவருக்கு எல்லாமே புரிந்திருக்கிறது.

மரப்பெயர்களை அவர் கற்றது வீட்டில் இல்லை, காட்டில். பன்னிரண்டு வயதில் அப்பாவோடு சிக்ளே எடுக்கும் முகாமுக்குப் போனாராம். மழைக்காலம் முழுக்கக் காட்டில் தங்கி, கயிற்றை இடுப்பில் சுற்றி மரமேறிப் பால் வடிப்பார்கள். அங்கே எந்த மரம் எது என்று தெரியாமல் நாள் ஓடாது. ஆக அவருக்கு அந்தப் பெயர்கள் மொழி இல்லை, தொழில். கொத்தனாருக்கு ரசமட்டம் தெரிகிற மாதிரி. "தெரியாது" என்று அவர் சொன்னது அடக்கமும் இல்லை, பொய்யும் இல்லை.

எரியாத நூலகம்

ஊர் திரும்பிய பிறகு இட்ஸாவைப் பற்றிக் கையில் கிடைத்ததையெல்லாம் படித்தேன். சார்லஸ் ஆண்ட்ரூ ஹாஃப்லிங் என்ற அமெரிக்க மொழியியலாளர், சான் ஹோசேக்காரரான ஃபெலிக்ஸ் ஃபெர்னாந்தோ தெசுகுன் என்பவரோடு சேர்ந்து 1997இல் ஓர் அகராதி கொண்டுவந்தார். 2000இல் பெரிய இலக்கணம் ஒன்றும் எழுதினார். குதிரைக்கு அந்த மொழியில் ட்ஸிமின் என்று பெயர். அந்தச் சொல் முதலில் குதிரையைக் குறிக்கவில்லை. அந்தக் காட்டில் இருக்கும் தபீர் என்ற மூக்கு நீண்ட பிராணியைக் குறித்தது. ஸ்பானியர்கள் குதிரையோடு வந்ததும் பெயர் குதிரைக்குப் போய்விட்டது. பிறகு தபீரைச் சொல்ல வேண்டுமானால் 'காட்டுக் குதிரை' என்று சொல்ல வேண்டியதாயிற்று. சொந்தப் பெயரை வந்தவனிடம் கொடுத்துவிட்டு அடைமொழியோடு நிற்கிறது பாவம். நமக்கும் இது நடந்திருக்கிறது: எள்ளின் நெய்தான் எண்ணெய். தேங்காய், கடலை, மண் என்று எல்லாமும் எண்ணெய் ஆன பிறகு எள்ளின் எண்ணெய்க்கு 'நல்ல' என்று ஒட்டுப் போட வேண்டியிருக்கிறது. (கோர்த்தேஸ் நொண்டிக்குதிரை ஒன்றை இட்ஸா அரசனிடம் விட்டுப்போனதும், அது செத்த பிறகு அதற்குச் சிலை வைத்துக் கும்பிட்டதும், 1618இல் வந்த பாதிரியார்களில் ஒருவர் அந்தச் சிலையை உடைத்ததும் தனிக் கதை. இன்னொரு நாள்.)

ஆனால் என்னுடைய மேடை வாக்கியத்தை ஆட்டியது அகராதி இல்லை. ஸ்காட் அட்ரான் என்ற மானுடவியலாளரும் அவருடைய குழுவும் 1999இல் அமெரிக்க தேசிய அறிவியல் கழகத்தின் இதழில் எழுதிய ஒரு கட்டுரை. அவர்கள் பார்த்தது ஒரே காட்டை அண்டி வாழும் மூன்று கூட்டத்தாரை. இட்ஸாக்கள், தெற்கிலிருந்து வந்து குடியேறிய, ஸ்பானியம் மட்டும் பேசும் லதீனோக்கள், மலைப்பகுதியிலிருந்து இறங்கி வந்த கெக்சி மாயாக்கள். மூன்று பேருக்கும் அதே மண், அதே மழை, வெட்டிச் சுட்டு விதைக்கும் அதே சோளக்கொல்லை. காட்டை ஆகக் குறைவாக அழித்தவர்கள் இட்ஸாக்கள். எந்த மிருகம் எந்த மரத்துக்கு என்ன செய்கிறது என்று கேட்டால், மற்ற இரு கூட்டத்தாரும் மரம் மிருகத்துக்கு உதவுவதைச் சொன்னார்கள். மிருகம் மரத்துக்குத் திருப்பி உதவுவதையும் சேர்த்துச் சொன்னவர்கள் இட்ஸாக்கள்தான். குரங்கு பழத்தைத் தின்கிறது, விதையை வேறிடத்தில் போடுகிறது என்கிற மாதிரி. காட்டைக் காக்கும் அருஷ் என்ற ஆவிகளுக்கு எந்தெந்த மரம் பிடிக்கும் என்று அவர்கள் நம்பினார்களோ, அந்த மரங்களே அவர்களுடைய கொல்லைகளைச் சுற்றி அதிகம் நின்றனவாம்.

இதுவரை என் வாக்கியத்துக்கு ஆபத்தில்லை. ஆபத்து அடுத்த பகுதியில். அந்தக் காட்டறிவை லதீனோக்களும் கற்றுக்கொண்டிருந்தார்கள். இட்ஸாப் பெரியவர்களிடமிருந்துதான், ஆனால் இட்ஸா மொழியில் ஒரு வார்த்தை தெரியாமல், ஸ்பானியத்திலேயே. சொந்த மாயா மொழியை வீட்டிலும் வெளியிலும் கெட்டியாகப் பிடித்திருக்கும் கெக்சிக்காரர்களுக்கு அது வந்து சேரவில்லை. கெக்சி சின்ன மொழி இல்லை, பல லட்சம் பேர் பேசுகிறார்கள், பிள்ளைகளும் பேசுகிறார்கள். இதைப் படித்துவிட்டு கெக்சிக்காரர்களைக் குறை சொல்வது அநியாயம். மலையில் அவர்களுடைய நிலத்தைக் காப்பித் தோட்டங்கள் விழுங்கின, பிறகு உள்நாட்டுப் போர் வந்தது; அவர்கள் தெரிந்து வைத்திருந்தது வேறொரு மண்ணை. நான் சொல்ல வருவது வேறு. மொழி இருந்தால் காடு நிற்கும், மொழி போனால் காடு போகும் என்று நான் போட்டு வைத்திருந்த கணக்கு அந்த ஏரிக்கரையில் தலைகீழாகக் கிடந்தது. நூலகம் எரியவில்லை. புத்தகங்கள் ஸ்பானிய அட்டை போட்டுக்கொண்டு பக்கத்து வீட்டு அலமாரிக்குப் போயிருந்தன.

அப்படியானால் போனது என்ன? இந்தக் கேள்வியை நினைத்து எனக்கு எரிச்சல்கூட வந்தது. மரத்தின் பெயர் இருக்கிறது, மரத்தைப் பற்றிய அறிவு ஸ்பானியத்தில் இருக்கிறது, மரமே இருக்கிறது. மீதி என்ன பாசமா, வெறும் ஏக்கமா? ஒன்றும் போகவில்லை என்று விட்டுவிடவும் மனம் வரவில்லை. நோட்டைத் திரும்பப் புரட்டியபோதுதான், அந்த வாரத்தின் நான்காம் நாள் காலையில் டோன்யாவின் அடுக்களையில் எழுதி வைத்திருந்த அரைப்பக்கம் கண்ணில் பட்டது. எழுதும்போது அதை வேடிக்கையாகத்தான் எழுதியிருந்தேன்.

தேக், தூல்

அடுக்களை என்றால் பனையோலைக் கூரை போட்ட சாய்ப்பு. ஒரு பக்கம் அடுப்பு, மறு பக்கம் கோழிக்கூண்டு, நடுவில் பழைய எண்ணெய் டின்களிலும் பெயின்ட் வாளிகளிலும் நாற்றுகள். மனைவி சோள மாவு தட்டிக்கொண்டிருந்தாள். அவள் தட்டிய ரொட்டிகள் இலங்கை வரைபடம் மாதிரி வந்துகொண்டிருந்தன. "பரவாயில்லை, மகளே, வயிற்றுக்குள் போனால் எல்லாம் வட்டம்தான்" என்று டோன்யா தேற்றிக்கொண்டிருந்தார். நான் நோட்டோடு உட்கார்ந்து அவரிடம் சொற்களைக் கேட்டுக்கொண்டிருந்தேன். தண்ணீர்? ஹா. சோளம்? இஷிம். மான்? கேஹ். பிறகு, நாற்றுகளைக் காட்டி, செடி என்பதற்கு என்ன சொல்வீர்கள் என்று கேட்டேன். ஸ்பானியத்தில் பிளாந்தா என்கிறோமே, அதற்கு.

"எந்தச் செடி?"

"எந்தச் செடி என்றாலும். பொதுவாக."

அவர் மாவுக்கையோடு யோசித்தார். மரத்துக்கு ஒரு சொல் சொன்னார், கொடிக்கு ஒன்று, புல்லுக்கு ஒன்று. எல்லாவற்றுக்கும் சேர்த்து? மகனைப் பார்த்தார். மகன் தோளைக் குலுக்கினார். "அப்படி ஒன்று இல்லை" என்றார் டோன்யா. "எதற்கு அது?" நான் நோட்டில் 'செடி – சொல் இல்லை' என்று எழுதி அடிக்கோடு போட்டேன். கொஞ்சம் மேதாவித்தனமாக, பாவம், பொதுப்பெயர் இல்லாத மொழி என்றுகூட நினைத்திருப்பேன்.

அரை மணி நேரம் கழித்து, பக்கத்து வீட்டுக்குக் கொடுக்க நாற்றுகளை எடுத்து வைத்தார். ஒவ்வொரு டின்னாக நகர்த்தி, வாய்க்குள் எண்ணிக்கொண்டே. "ஹூன் தேக், கா தேக், ஓஷ் தேக்..." தேக் என்று காதில் விழுந்ததும் தேக்கு மரம்தான் என் நினைப்பில் வந்தது, அது தமிழ்க் காதின் கோளாறு. ஓஷ் என்றதும் இன்னொரு குழப்பம். முந்தின நாள் மகன் காட்டிய ரமோன் மரத்துக்கும் ஓஷ் என்றுதான் பெயர் எழுதியிருந்தேன். "இது ரமோன் நாற்றா?" என்று கேட்டேன். டோன்யா சிரித்துவிட்டார். "இது மிளகாய். நான் எண்ணுகிறேன், மகனே. மூன்று." மரத்தின் பெயரில் உயிரெழுத்து கொஞ்சம் நீளம், எண்ணில் குட்டை. அது என் காதுக்கு எட்டவில்லை. சரி, மூன்று புரிகிறது, தேக் என்றால் என்ன? அவருக்கு விளக்கத் தெரியவில்லை. "இதெல்லாம் தேக்" என்று கையை விரித்து டின்களைக் காட்டினார். கூண்டுக் கோழிகளைக் காட்டி, "அதெல்லாம் தூல். ஹூன் தூல், கா தூல்." பிறகு என்னையும் மனைவியையும் காட்டி, "நீங்கள் கா தூல்."

இட்ஸாவில் எண்ணை மட்டும் தனியாகச் சொல்ல முடியாது. எண்ணப்படுவது எந்த வகை என்று காட்டும் ஓர் ஒட்டு கூடவே வரும். மிளகாய் நாற்றோ பத்து மாடி சப்போட்டாவோ, முளைத்து நிற்பதற்கு தேக். மனிதரோ கோழியோ, நடமாடும் உயிருக்கு தூல். பல வருடம் கழித்து அட்ரானின் எழுத்தில் இதையே படித்தேன்: தாவரம் என்ற பொதுப்பெயர் இட்ஸாவில் இல்லை, ஆனால் எல்லாத் தாவரத்தையும், தாவரத்தை மட்டுமே, எண்ணும்போது தேக் வரும். அதாவது நான் கேட்ட சொல் அந்த மொழியில் இருந்தது. பெயர்களுக்கு நடுவே இல்லை, எண்ணிக்கைக்குள் இருந்தது. அவரிடம் போய் அகராதி கேட்கிற மாதிரி கேட்டதால் எனக்கு அகப்படவில்லை. மிளகாய் கொடுக்கப் போனதால் வெளியே வந்தது.

நமக்கும் இப்படி ஒன்று உண்டு என்பதால் இது எனக்கு இன்னும் உறைத்தது. ஒருவர், இருவர், மூவர் என்று மனிதரை எண்ணுகிறோம். கோழியையும் மரத்தையும் கல்லையும் ஒன்று, இரண்டு, மூன்று. உயர்திணை, அஃறிணை என்று தமிழ் கோடு போட்டிருப்பது மனிதருக்கும் மற்ற எல்லாவற்றுக்கும் நடுவே. டோன்யாவின் கோடு வேறு இடத்தில் ஓடியது. அவர் என்னைக் கோழியோடு சேர்த்து எண்ணினார், மிளகாயை அதற்கென்று ஒரு திணையில் வைத்தார், கல்லை வேறெங்கோ. எது உயர்ந்தது என்ற பேச்சே அதில் இல்லை. நின்ற இடத்தில் நிற்பது ஒன்று, நடமாடுவது ஒன்று. இதை வைத்து இட்ஸாக்கள் இதனால்தான் காட்டை அழிக்கவில்லை என்று ஒரு கதை கட்டலாம், மேடையில் எடுபடும். நான் கட்டமாட்டேன். தேக் என்று எண்ணுகிறவன் கையிலும் வெட்டுக்கத்தி இருக்கத்தான் செய்கிறது. லதீனோக்கள் தேக் இல்லாமலே காட்டைக் கற்றுக்கொண்டார்கள். ஆனால் ஸ்பானியத்துக்குப் போகாமல் நின்றுவிட்டது இது என்று மட்டும் சொல்லலாம். யா என்ற பெயரை சிக்கோசப்போத்தே என்று மாற்றலாம். தேக்கை மாற்ற ஸ்பானியத்தில் இடமே இல்லை. மகன் முப்பது பெயர் சொல்லியும் தனக்குத் தெரியாது என்றாரே, அவர் மனதில் எதை நினைத்துச் சொன்னார் என்று இப்போது ஓரளவு ஊகிக்க முடிகிறது. அவர் நாற்றுகளை எண்ணியபோது நான் கவனித்தேன்: ஸ்பானியத்தில், உனோ, தோஸ், த்ரேஸ். கோழியை எண்ணியபோதும் அதேதான்.

டோன்யாவுமே அன்றைக்கு மூன்றோடு நிறுத்திக்கொண்டார். ஓஷ் தேக்குக்குப் பிறகு "க்வாத்ரோ, சிங்கோ, செய்ஸ்" என்று ஸ்பானியத்துக்குத் தாவிவிட்டார். நான்காவது டின்னிலிருந்து தேக்கும் காணாமல் போனது. நாலுக்கு இட்ஸாவில் என்ன என்று கேட்டேன். "இருந்திருக்கும்" என்றார்.

பதினோரு மணிக்கு அவருடைய கொள்ளுப்பேத்தி பள்ளிக்கூடத்திலிருந்து வந்தாள். ஏழெட்டு வயது. குவாத்தமாலாவில் மாயா மொழிகளுக்கான அகாதமி 1990இல் சட்டம் போட்டு அமைக்கப்பட்டது. இட்ஸாவும் அதன் மொழிகளில் ஒன்று. சான் ஹோசேயில் பிள்ளைகளுக்குக் கொஞ்சம் இட்ஸா சொல்லித்தருகிறார்கள். யாரைப் பேசக்கூடாது என்று அடித்தார்களோ அவர் அடுப்படியில் இருக்க, அவர் பேத்தியின் பிள்ளை அதையே வீட்டுப்பாடமாக எழுதிக்கொண்டு வருகிறாள். நான் மொழி ஆராய்ச்சி செய்கிறேன் என்று தெரிந்ததும் அவளுக்கு உற்சாகம் தாங்கவில்லை. கூண்டின் முன்னால் போய் நின்று விரலை நீட்டி எண்ண ஆரம்பித்தாள். "ஹூன், கா, ஓஷ்..."

"தூல்" என்றார் டோன்யா, அடுப்பிலிருந்து திரும்பாமலே.

"ஹூன் தூல், கா தூல், ஓஷ் தூல்" என்று முதலிலிருந்து எண்ணினாள். நான்காவது கோழிக்கு வந்தபோது நிற்கவில்லை. பள்ளிக்கூடத்தில் இருபதுவரை சொல்லித்தந்திருக்கிறார்கள் போல. "கான் தூல்" என்றாள் சத்தமாக.

டோன்யா கரண்டியோடு திடுக்கிட்டுத் திரும்பினார். கான் என்றால் அவருக்குப் பாம்பு.

"எங்கே?" என்று கேட்டபடி கூண்டுக்குள் எட்டிப் பார்த்தார்.